விழுவதென்றால் பாறையில் விழவும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு பாலைவன ஊர். ஊருக்கு மேலே சாண்ட் ஃப்ளாட்ஸ் என்ற மேட்டில், பாறைமேல் வெள்ளை பெயிண்டில் விட்டுவிட்டுக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போக வேண்டும். கோடு ஏறினால் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். பாறை விளிம்பில் கோடு சட்டென்று காணாமல் போனால், நாமும் எதுவும் கேட்காமல் காணாமல் போக வேண்டும். ஸ்லிக்ராக் டிரெயில் என்று இதற்குப் பெயர். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஆயுளில் ஒருமுறையாவது வந்து ஓட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிற இடம். எனக்கு அப்படி ஆசை எதுவும் இருந்ததில்லை. எனக்கு இருந்தது ஒரு மைத்துனன்.

கோடு போட்டவர்மேல் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் பாட்டி வீட்டு மச்சுப்படிகூட இவ்வளவு செங்குத்தாக இருந்ததில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1969-இல் இந்தத் தடத்தை வகுத்ததே மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக. மிதிக்கிறவர்கள் வந்து ஒட்டிக்கொண்டதெல்லாம் பிற்பாடு. குதிரைத் திறனுக்குப் போட்ட கோட்டில் இட்லித் திறனை வைத்துக்கொண்டு ஏறச் சொன்னால் எப்படி?

மைத்துனன் டென்வரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சம்பளத்தில் பாதி சைக்கிளுக்குப் போகிறது. மீதி, சைக்கிளிலிருந்து விழுந்ததற்கு மருத்துவரிடம் போகிறது. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, காரின் பின்னால் இரண்டு சைக்கிளை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

“இப்பதான் அத்தான் போகணும். கூட்டமே இருக்காது.”

கூட்டம் இல்லாத ஓட்டலில் சாப்பிடாதே என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஆனால் அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மோவாபில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். குளிர்காலத்தில் அறை மலிவு, ஊர் காலி. காலையில் பூஜ்யத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரி, மதியம் பூஜ்யத்துக்கு மேலே ஐந்தாறு. வெயில் பட்ட பாறையில் நின்றால் ஜெர்கினைக் கழற்றத் தோன்றும், இரண்டடி தள்ளி நிழலுக்குப் போனால் இன்னொரு ஜெர்கின் கிடைக்காதா என்றிருக்கும். டென்வரிலிருந்து ஆறு மணி நேரப் பயணம். வழியில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை. அந்த உயரத்தில், உட்கார்ந்த இடத்தில் புளிசாதம் சாப்பிட்டதற்கே எனக்கு மூச்சு வாங்கியது.

அந்த ஊருக்குச் சைக்கிள் வந்த கதை தனி. 1952-இல் சார்லி ஸ்டீன் என்ற புவியியலாளர், கையில் காசில்லாமல் பாலைவனத்தில் திரிந்துகொண்டிருந்தவர், ஊருக்குத் தென்கிழக்கே யுரேனியம் கண்டெடுத்துக் கோடீஸ்வரரானார். அவரோடு சேர்ந்து ஊரும் ஊதியது. எண்பதுகளின் தொடக்கத்தில் யுரேனியம் படுத்துவிட்டது. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து, 1983-இல், குரோஃப் சகோதரர்கள் ஊரின் முதல் சைக்கிள் கடையைத் திறந்தார்கள். வேலை போன ஊரில் விளையாட்டுச் சைக்கிள் விற்க உட்காருகிறவனை நம்மூரில் எந்த மாமனார் மதித்திருப்பார்? ஆனால் கடை பிழைத்தது, ஊரும் பிழைத்தது. அணுகுண்டுக்காகத் தோண்டிய ஊர் இன்று முழங்கால் சிராய்ப்பில் ஜீவனம் நடத்துகிறது.

அன்றிரவு தங்கிய விடுதி அறையிலிருந்து வீட்டுக்குப் பேசினேன்.

“ரகுமான் மியூசிக்னு ஒரு படம் பாத்தோமே, பாறையில கை மாட்டிக்கிட்டு, தன் கையைத் தானே வெட்டிக்குவானே… அது அந்தப் பக்கம்தானே?” என்றாள் மனைவி.

‘127 ஹவர்ஸ்’ படத்தைச் சொல்கிறாள். 2003-இல் ஏரன் ரால்ஸ்டன் என்பவர் யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்கில் ஐந்து நாளைக்கு மேல் சிக்கிக் கிடந்த உண்மைக் கதை. 2010-இல் டேனி பாயில் அதைப் படமாக எடுத்தார். ரகுமானுக்கு மறுபடி ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்த படம்.

“அது வேற பள்ளத்தாக்கும்மா. இங்கேருந்து ரொம்ப தூரம்.”

“அவனும் சைக்கிள்லதானே கிளம்பினான்?”

உண்மைதான். ரால்ஸ்டன் சைக்கிளை ஒரு மரத்தில் பூட்டி வைத்துவிட்டுத்தான் பள்ளத்தாக்கில் இறங்கினார். நான் அந்தப் படத்தை இசைக்காகப் பார்த்திருக்கிறேன், இவள் சாட்சி சொல்வதற்காகப் பார்த்திருக்கிறாள்.

“உன் தம்பி கூடவேதான் இருக்கான்.”

“அவனுக்கு ஒண்ணும் ஆகாது. நான் உங்களைக் கேக்கறேன்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல்தான் கிளம்பினோம். நிழல் பக்கத்துப் பனி கொஞ்சம் இளகட்டும் என்று காத்திருந்தோம். வண்டி நிறுத்துமிடத்தில் மைத்துனன் என் டயரிலிருந்து காற்றை இறக்க ஆரம்பித்தான். பிடிக்காத வாத்தியாரின் சைக்கிளில்தான் நாங்கள் காற்றை இறக்குவோம். ஓட்டப் போகிறவன் எதிரில் நிற்கும்போதே இறக்குவதை அன்றுதான் பார்த்தேன். 22 பி.எஸ்.ஐ. இருந்தால் போதுமாம். அப்போதுதான் டயர் பாறையில் அழுந்திப் படர்ந்து பிடிக்குமாம். பிறகு சீட். ஹேண்டில்பாரில் ஒரு லீவரை அமுக்கியபடி உட்கார்ந்தால் சீட் தானாக இறங்கிவிடுகிறது. கால் எட்டாமல் வாடகைச் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுக் கற்ற தலைமுறைக்கு, இது காலம் கடந்து வந்த நீதி. குளிருக்கு அது மறுபடி எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை. அன்று காலை நானும் அப்படித்தான் எழுந்திருந்தேன்.

முதுகில் தண்ணீர்ப் பை. அதிலிருந்து ஒரு குழாய் தோளைச் சுற்றி வாய்க்கு வருகிறது. குளிரில் முதலில் உறைவது அந்தக் குழாயில் நிற்கிற தண்ணீர்தான். அதனால் ஒரு வாய் உறிஞ்சியதும், குழாய்க்குள் ஊதி மிச்சத்தைப் பைக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். அண்ணாந்து குடித்துப் பழகிய பரம்பரை. எச்சில் பார்த்தால் தாகத்தில் சாக வேண்டியதுதான் என்று ஊதினேன்.

கிளம்பும்முன் மைத்துனன் சட்டதிட்டங்களைச் சொன்னான். பாறைகளுக்கு நடுவே கறுத்துப் பொருக்குத் தட்டிக் கிடக்கும் மண்ணில் கால் வைக்கக் கூடாது. பார்த்தால் வெறும் மண். உள்ளே சயனோபாக்டீரியா, லைக்கன், பாசி எல்லாம் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. மணல் காற்றில் பறந்துவிடாமல் இழை இழையாகக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது அவைதான். ஒரு மிதி மிதித்துவிட்டால் பழையபடி தேறுவதற்குப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள்கூட ஆகும். பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரிலும் கை வைக்கக் கூடாது. அடி வண்டலில் பொடி இறால்களின் முட்டை இருக்கும். தண்ணீர் வற்றிய பிறகும் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்து, நல்ல மழை பெய்தால் பொரிந்து வரும்.

மண்ணைத் தொடாதே, தண்ணீரைத் தொடாதே, செடியை ஒடிக்காதே. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது பாறை.

“அப்ப விழுந்தா எங்க மாப்ள விழறது?”

“பாறையில விழுங்க அத்தான். அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

அந்தப் பாறைக்கு ஒன்றும் ஆகாதுதான். 18, 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரும் மணல்மேடுகள் இருந்தன. காற்று கொண்டுவந்து குவித்த அந்த மணல் புதைந்து, இறுகி, கல்லாகிவிட்டது. நவஹோ மணற்கல் என்கிறார்கள். குனிந்து பார்த்தால், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தச் சாய்வில் வரி வரியாக மணல் படிந்திருப்பது இப்போதும் தெரிகிறது. தடவினால் உப்புத்தாள். குதிரை லாடத்துக்கு வழுக்கும். ரப்பருக்கு வழுக்கவே வழுக்காது. ஈரமோ பனியோ இல்லாதவரை, இனி ஏறவே முடியாது என்று கண் சொல்கிற சரிவிலும் டயர் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இதுதான் பெரிய இம்சை. சறுக்கிவிட்டது என்று சொல்லி இறங்க வழியில்லை. சாதாரண மலைத் தடத்தில் சரளைக் கல், வேர், சேறு என்று பழி போட ஆயிரம் உண்டு. இங்கே பாறை தன் கடமையைச் செய்துவிடுகிறது. சைக்கிளும் செய்துவிடுகிறது. பின்னால் 52 பல் சக்கரம் இருக்கிறது, சுவரில்கூட ஏறலாம். பாக்கி ஒரே ஆள்தான். மணல் மாட்டினாலாவது காரணம் கிடைக்கும் என்று பார்த்தால், குளிர்கால ஈரத்தில் மணலும் இறுகிப்போய் நல்ல ரோடாகக் கிடந்தது.

முழுச் சுற்று பத்தரை மைல், கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர். பழகுவதற்கென்று இரண்டு மைலுக்குச் சற்று மேல் ஒரு சின்னச் சுற்றும் வைத்திருக்கிறார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்து அதையே எடுத்துக்கொண்டோம். பழகுவதற்கானது என்றால் சுலபமானது என்று பொருள் இல்லை. அதே ஏற்றம், அதே இறக்கம். துயரம் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

ஏறும்போது சீட்டின் நுனிக்கு வந்து, மோவாய் ஹேண்டில்பாரில் இடிக்கிற அளவுக்குக் குனிய வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். முதல் பெரிய ஏற்றத்திலேயே எனக்குத் தூக்கிக்கொண்டது. சினிமாவில் கதாநாயகன் இப்படி வீலிங் செய்தால் விசில் அடிப்பார்கள். நான் அந்தரத்தில் நின்ற அந்தக் கணத்தில் வலது பக்கம் பார்த்தேன்: கறுத்த, பொருக்குத் தட்டிய, மெத்தென்ற மண். இடது பக்கம் பாறை. உடம்பு தன் சுபாவப்படி வலது பக்கம் சாய ஆரம்பித்தது.

“அத்தான்! மண்ணு! மண்ணு!”

மேலே நின்ற மைத்துனன் அலறினான். அவன் குரலில் அவ்வளவு பதற்றத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோதுகூட. இடுப்பை எப்படித் திருப்பினேன் என்று எனக்கே தெரியாது. இடது பக்கம் விழுந்தேன். சயனோபாக்டீரியாவின் நல்வாழ்வுக்காக முழங்கையைக் கொடுத்த தமிழர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இறங்கி ஓடிவந்தவன் முதலில் மண்ணைப் பார்த்தான், பிறகு சைக்கிளைப் பார்த்தான், பிறகு “அடி பட்டுதா?” என்றான்.

உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறைக் குழி. மேலே கண்ணாடித் தகடாகப் பனிக்கட்டி மூடியிருந்தது. அடியில் தண்ணீர் பாதி இறங்கிப்போய், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரற்கடை வெற்றிடம். பனிக்கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாகக் காற்றுக்குமிழிகள், ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாக உறைந்திருந்தன. ஒரே ஒரு தட்டுத் தட்டினால் படீரென்று உடையும். தட்டுவதற்குக் கை பரபரத்தது. மைத்துனன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் கையை இழுத்துக்கொண்டு தூரத்தில் லா சால் மலைகளைப் பார்த்தேன். பனி போர்த்து நன்றாகத்தான் இருந்தன. அவற்றைப் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை.

இறக்கம் வேறு கூத்து. முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய் என்பது எங்கள் ஊரில் சைக்கிள் கற்றுத்தருகிறவர்கள் சொல்கிற முதல் பாடம். இங்கே முன் பிரேக்கை ஒற்றை விரலால் அளந்து அளந்து பிடிக்க வேண்டும். சீட்டை இறக்கிவிட்டு, பின்பக்கத்தைப் பின்சக்கரத்துக்கு மேலே தொங்கப் போட்டுக்கொண்டு, முழங்கையை மடக்கி, பார்வையைத் தூரத்தில் வைத்துப் போக வேண்டும். தூரத்தில் பார்த்தால் கொலராடோ ஆறு ஓடுகிற பள்ளத்தாக்குப் பக்கம் வெறும் ஆகாயம். நான் கோட்டையே பார்த்தேன். பயம் அதிகமான இடங்களில் இறங்கித் தள்ளினேன். இறங்கித் தள்ளுவதற்கு இந்த உலகில் எந்தத் தடையும் கிடையாது, ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ இருந்தால் போதும்.

ஷூ என்றதும் அந்த நாயைச் சொல்ல வேண்டும். எதிர்த்திசையிலிருந்து ஒரு பெண்மணி சர்ரென்று இறங்கி வந்தார், கூடவே ஒரு நாய். நாலு காலுக்கும் குட்டிக் குட்டியாகச் சிவப்பு ஷூ. இந்தப் பாறையில் ஓடினால் நாயின் பாதம் தேய்ந்து புண்ணாகிவிடும், அதற்காக. அந்த நாய், நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய சரிவில் மேலே ஓடியது, கீழே வந்தது, என்னை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்தது, மறுபடி மேலே ஓடியது. எஜமானி மேலிருந்து கூப்பிட்டபோது, இந்த ஆளை இப்படியே விட்டுவிட்டு வருவதா என்று தயங்கி நின்றது.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்தது. அறைக்கு வந்து முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். மைத்துனன் தன் ஃபோனையும் என் ஃபோனையும் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். சைக்கிள்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிற செயலி ஒன்று, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

“என்ன மாப்ள?”

“நீங்க தள்ளிட்டுப் போன இடத்தையெல்லாம் ‘ஓய்வு’ன்னு எடுத்துக்கிச்சு அத்தான். ஆள் நகரவே இல்லைன்னு நினைச்சிருக்கு.”

வாழ்க்கையில் அவ்வளவு மூச்சு வாங்கியதில்லை. அதற்குப் பெயர் ஓய்வாம்.

“மாத்த முடியாதா?”

“சைக்கிளிங்னு இருந்தா இப்படித்தான் காட்டும். மலை நடைன்னு மாத்தினா கணக்கு நல்லா வரும்.”

“மாத்து.”

மாற்றினான். நடைப் பயணமாகப் பார்த்தால் உண்மையிலேயே கௌரவமான வேகம். படங்களையும் சேர்த்துப் போட்டுவிட்டான். டென்வரிலிருந்து நாலைந்து பேர் உடனே பாராட்டினார்கள். ஐந்தாவது நிமிடம் ஃபோன் அடித்தது.

“நடக்கறதுக்கு எதுக்குங்க ஹெல்மெட்?” என்றாள் மனைவி.