கடல் பார்த்த வீடு, கண் மூடிய நகராட்சி

ஸ்பெயினின் தென்கரையில், மார்பெயாவில் ஒரு வீடு வாங்கிப் போடலாம் என்று நினைக்கும் கனவான்களுக்கு முதலில் என் வாழ்த்து. நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். பின்னால் லா கோன்ச்சா மலை, முன்னால் மத்தியதரைக் கடல், வானம் தெளிந்த நாளில் எதிர்க்கரையில் ஆப்பிரிக்கா. ஆனால் இதே கடலும் இதே வெயிலும் கிழக்கே மோத்ரில் துறைமுகத்திலும் உண்டு. அங்கே யாரும் பணப்பையோடு வரிசையில் நிற்பதில்லை. மார்பெயாவில் சதுர மீட்டருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு கடலுக்கானது என்று நம்பாதீர்கள். அங்கே சட்டம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்தால் பல வருடம் எழுந்திருக்காது. அந்தத் தூக்கத்துக்குத்தான் இந்த விலை.

ஊரின் பழைய பெருமைகளை விளம்பரப் புத்தகமே சொல்லிவிடும். 1954-ல் இளவரசர் அல்ஃபோன்சோ ஹோஹன்லோஹே மார்பெயா கிளப்பைத் திறந்தார். 1970-ல் புவெர்ட்டோ பனூஸ் படகுத்துறை திறப்புக்கு மொனாக்கோ அரச தம்பதி வந்தார்கள். பிறகு ஷேக்குகள், ஆயுத வியாபாரிகள், அவர்களுடைய உல்லாசப் படகுகள். அந்தப் புத்தகம் வழவழப்பான தாளில் அச்சானது என்பதால் 1991-ஐ மட்டும் வழுக்கிக்கொண்டு தாண்டிப் போகும்.

அந்த ஆண்டுதான் ஹெசுஸ் ஹில் மேயரானார். அட்லெடிகோ மாட்ரிட் கால்பந்து கிளப்பின் முதலாளி, ரியல் எஸ்டேட் அதிபர். 1969-ல் செகோவியா பக்கம் அவர் கட்டிய கட்டடம் ஒன்று, ஆட்கள் விருந்துக்கு உட்கார்ந்திருக்கும்போதே இடிந்து விழுந்தது. 58 பேர் செத்தார்கள். கட்டடக் கலைஞர் யாரும் மேற்பார்க்காமல் எழுந்த கட்டடம் அது. ஹில் சிறைக்குப் போனார். சர்வாதிகாரி பிராங்கோ மன்னிப்பு வழங்கி வெளியே விட்டார். இப்படிப்பட்ட அனுபவசாலியிடம் ஒரு முழு ஊரையே கட்டக் கொடுத்தார்கள் மார்பெயா வாக்காளர்கள். அதுவும் ஒரு முறை அல்ல, 1991, 1995, 1999 என்று மூன்று முறை, அமோகப் பெரும்பான்மையில். தன் பெயரிலேயே கட்சி வைத்திருந்தார். மேயராக இருந்துகொண்டே தொட்டியில் நீச்சல் உடைப் பெண்கள் சூழ உட்கார்ந்து டிவி நிகழ்ச்சி நடத்தினார். ஊர் சிரித்தது. பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து விரட்டினார், பூச்செடி நட்டார், நடைபாதைக்குப் பளிங்கு போட்டார். "சுத்தமாக வைத்திருக்கிறாரே" என்று ஊர் மெச்சியது. நகராட்சிப் பணம் அவருடைய கால்பந்து கிளப்பின் சட்டையில் ஊர்ப் பெயராகப் போய் ஒட்டிக்கொண்டது. நகராட்சி ஊழியர்களுக்காகச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டிய தொகையோ பாக்கியாகக் குவிந்தது. பளிங்கில் நடந்தவர்கள் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

வித்தை எளிமையானது. பூங்காவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒதுக்கிய மனையில் அடுக்குமாடிக்கு அனுமதி. கட்டுபவருக்கும் நகராட்சிக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம், ஒப்பந்தத்துக்கு நடுவே ஒரு கவர். இதையெல்லாம் நிர்வகித்தவர் ஹுவான் அன்டோனியோ ரோக்கா. வேலை இல்லாமல் இருந்தவர், ஹில் காலத்தில் நகராட்சிக்குள் நுழைந்து நகரமைப்பு ஆலோசகர் ஆனார். 2002-ல் நீதிமன்றம் ஹில்லைப் பதவிக்குத் தகுதியற்றவராக்கியது. 2004-ல் அவர் செத்தும் போனார். ரோக்கா போகவில்லை. மேயர்கள் மாறினார்கள், கவர் மாறவில்லை. முன்னொரு காலத்தில் ஹோட்டல் பணியாளராக இருந்த ஹூலியன் முன்யோஸ் மேயரானார்; அவரைக் கவிழ்த்துவிட்டு மரிசோல் யாகுவே வந்தார். இசபெல் கார்சியா மார்கோஸ் என்ற சோஷலிஸ்ட் கவுன்சிலர் ஆண்டுக்கணக்கில் ஹில்லை எதிர்த்துக் கத்தியவர். தொண்டை வலித்ததோ என்னவோ, 2003-ல் ஹில்லின் ஆட்களோடு சேர்ந்து துணை மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

2006 மார்ச்சில் போலீஸ் வந்தது. மேயர் கைது, துணை மேயர் கைது, ரோக்கா கைது. ரோக்காவின் சொத்தில் குதிரைகள், ஹெலிகாப்டர், பாடம் பண்ணிய விலங்குகள், குளியலறையில் மிரோ ஓவியம். கலை ரசனை இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. யார் யாருக்கு எவ்வளவு என்பதைப் பெயரின் முதலெழுத்துகளாகக் கணக்கில் எழுதி வைத்திருந்தார். திருட்டிலும் கணக்குப் பிள்ளையின் நேர்மை. அடுத்து தற்காலிக மேயராக உட்கார்ந்த முன்னாள் கால்பந்து வீரரும் சில மாதத்தில் கைதானார். அதற்கு முன்பே, ஏப்ரலில், மாட்ரிட் அரசு மொத்த நகராட்சி மன்றத்தையும் கலைத்தது. ஜனநாயக ஸ்பெயினில் அதற்கு முன் இப்படி நடந்ததில்லை. 2013-ல் தீர்ப்பு வந்தது: ரோக்காவுக்கு 11 ஆண்டு சிறை.

கனவான்களே, இதைக் கேட்டு நீங்கள் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை, தெரியும். ஏனென்றால் கவர் வாங்கியவர்கள்தான் சிறைக்குப் போனார்கள். கட்டடங்கள் எங்கும் போகவில்லை. அவை அதே பூங்கா மனையில் கடல் பார்த்து நின்றன. 2010-ல் புதிய மாஸ்டர் பிளான் போட்டு சுமார் 16,500 வீடுகளைச் சட்டத்துக்குள் இழுக்கப் பார்த்தார்கள். 'வரன்முறைப்படுத்துதல்' என்று நம் ஊரில் நடக்குமே, அதேதான். எனவே நமக்கு விளக்க வேண்டியதில்லை. 2015-ல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் அந்தப் பிளானையே ரத்து செய்தது: நடந்த முறைகேட்டை மூடி மறைக்க அல்ல நகரத் திட்டம் என்று. விளைவு? ஊர் 1986-ஆம் ஆண்டுத் திட்டத்துக்குத் திரும்பிப் போனது. காகிதத்தில் 1986, கடற்கரையில் கான்கிரீட். வீட்டு விலை மட்டும் பின்னோக்கி நடக்கவில்லை.

இனி நீங்கள் அனுபவிக்கப் போகும் வசதிகள். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் இந்த ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. மாலகாவிலிருந்து வரும் பாதை ஃபுவென்ஹிரோலாவிலேயே முடிந்துவிடுகிறது. உங்களுக்கென்ன, விமான நிலையத்தில் கார் காத்திருக்கும், சுங்கச் சாலை இருக்கிறது. கோடையில் அந்தச் சாலையில் கட்டணமும் ஏறும். உங்கள் ஒரு கோப்பை காபிக்கு முன்னால் அது தூசு. பெரிய மருத்துவமனையின் விரிவாக்கக் கட்டடம் பத்தாண்டுக்கு மேல் எலும்புக்கூடாக நின்றது. அதற்குக் கடல் காட்சி இல்லாததால் முதலீட்டாளர்கள் ஆர்வம் காட்டவில்லை போலும். பக்கத்து பெனாவிஸ் மலையில் லா ஸாகலேத்தா என்ற குடியிருப்பு இருக்கிறது. ஆயுத வியாபாரி அட்னான் கஷோகியின் வேட்டைத் தோட்டமாக இருந்த இடம். இன்று மதிலும் காவலும் போட்டு, உள்ளே வசிப்பவர்கள் ஆடுவதற்கு மட்டும் இரண்டு கோல்ஃப் மைதானங்கள். அண்மை வறட்சியில் கோஸ்டா டெல் சோல் என்னும் இந்தக் கரையின் ஊர்கள் சிலவற்றில் கடற்கரைக் குளியல் குழாய்களை மூடினார்கள். ஏழைப் பிள்ளை காலில் ஒட்டிய மணலோடு வீட்டுக்குப் போனான். கோல்ஃப் புல்லுக்குச் சுத்திகரித்த கழிவுநீர்தான் பாய்கிறது என்பார்கள். பல மைதானங்களில் உண்மைதான். ஊர்ச் சாக்கடைக்குக்கூட உங்கள் விளையாட்டில் பங்கு உண்டு, ஊர்க்காரர்களுக்குத்தான் இல்லை.

ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி இனாம் என்று 2013-ல் ஸ்பெயின் ஒரு திட்டம் போட்டது. அதே ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ரப்பர் படகில் வருபவனிடம் ஐந்து லட்சம் இல்லாததால், அவனுக்குப் பொருந்தாத திட்டம். 2025 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். அந்த ஜனவரியில் பிரதமர் சான்செஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாழும் அயலார் வீடு வாங்கினால் நூறு சதவீதம் வரை வரி என்று அறிவித்தார். கலங்காதீர்கள், நாடாளுமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை.

கடைசியாக ஒரு சின்ன இடைஞ்சல். மாலகாவில் சுற்றுலா வாடகைக்கு விட்ட வீடுகளின் கதவுகளில், "இது முன்பு என் வீடு" என்கிற மாதிரி ஸ்டிக்கர்களை 2024-ல் ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமும் போனார்கள். மார்பெயாவில் உங்கள் கதவிலும் அப்படி ஒன்று ஒட்டியிருந்தால் மனசு உடைந்துவிடாதீர்கள்; சுரண்டி எடுக்க மணிக்கூலிக்கு ஒரு பெண்மணி கிடைப்பார். ஆனால் அந்தப் பெண்மணிக்கு ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாது, மலைக்கு அந்தப் பக்கம் கொயின் என்ற ஊரிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். எனவே காலை பத்து மணிக்கு முன் கூப்பிடாதீர்கள். தாமதமாக வந்ததற்குக் கூலியைப் பிடித்துக்கொள்ளலாம்.