கோப்புகள் பத்திரம்

துருக்கியின் போலு மாகாண மலைகளில் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள் தைரியமாகப் போகலாம். அங்கே உங்கள் உயிரைக் காக்க ஒரு அமைச்சகம், ஒரு மாகாண நிர்வாகம், ஒரு நகராட்சி, ஒரு தீயணைப்புத் துறை, ஒரு முதலாளி என்று ஐந்து பேர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். தீப்பிடிக்கும்வரை.

2025 ஜனவரி 21. பள்ளிகளுக்குப் பருவ விடுமுறை. குழந்தைகுட்டிகளோடு வந்த குடும்பங்களால் கர்தால்கயாவில் உள்ள கிராண்ட் கர்தால் ஓட்டல் நிரம்பிக் கிடந்தது. விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் நான்காம் மாடி உணவகத்தில் பிடித்த தீ, வெளிப்புறம் மரப்பலகை போர்த்திய அந்த 12 மாடிக் கட்டடத்தில் விறுவிறுவென்று ஏறியது. எச்சரிக்கை மணி ஒலிக்கவே இல்லை என்றார்கள் தப்பியவர்கள். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளரும் கிடையாது. போலு நகரிலிருந்து தீயணைப்பு வண்டிகள் மலையேறி வரவே வெகுநேரம் ஆயிற்று. 78 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் 30-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

மறுநாள் செய்திப் படங்களில் கருகிய ஜன்னல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் முடிச்சுமுடிச்சாகத் தொங்கின. அவ்வளவு பெரிய ஓட்டல் தன் விருந்தாளிகளுக்குக் கொடுத்த அவசர வழி அதுதான். முடிச்சைக்கூட விருந்தாளியேதான் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பிணங்களை அடையாளம் காட்டும் வேலை முடிவதற்குள் இன்னொரு விளையாட்டு தொடங்கிவிட்டது. சுற்றுலா அமைச்சர் மெஹ்மெத் நூரி எர்சோய், ஓட்டலுக்குத் தீயணைப்புத் துறையின் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது, அவர்கள் குறையாக எதுவும் எழுதி அனுப்பவில்லை என்றார். அந்தச் சான்றிதழ் 2007-ஆம் வருடத்தது. இறந்த குழந்தைகளைவிட அதற்கு வயது அதிகம் என்பதை யாராவது அவர் காதில் போட்டார்களா, தெரியவில்லை. போலு மேயர் தஞ்சு ஓஸ்ஜான் விடுவாரா? ஓட்டல் எங்கள் எல்லைக்குள்ளேயே இல்லை, அமைச்சகத்தைக் கேளுங்கள் என்றார். அப்படியானால் அதே ஜனவரி தொடக்கத்தில் உங்கள் தீயணைப்புத் துறை கொடுத்த சான்றிதழ்? அது ஓட்டலுக்கு அல்ல, அதற்குள் இருக்கும் 70 சதுர மீட்டர் சிற்றுண்டிக் கடைக்கு! தீயும் எல்லைக்கோடு பார்த்து, எழுபதாவது மீட்டரில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்க வேண்டும். அதற்கு நிர்வாகம் தெரியவில்லை.

இதைவிட வயிறெரியவைக்கும் சங்கதி ஒன்று உண்டு. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே ஓட்டல் தரப்பு தீத்தடுப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தது. தீயணைப்புத் துறையினர் நேரில் வந்து பார்த்தார்கள், குறைகளைக் குறித்தார்கள். ஓட்டல் என்ன செய்தது? விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியது. சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், கொடுத்த ரத்தத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற கதை. அதிகாரிகளுக்கும் பரம நிம்மதி. விண்ணப்பம் இல்லையென்றால் கோப்பு இல்லை, கோப்பு இல்லையென்றால் குறை எங்கிருந்து வரும்? கண்ணால் பார்த்ததை மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிப் போட ஒருவருக்கும் கை வரவில்லை. ஓட்டலோ விடுமுறைக் கூட்டத்துக்குக் கதவைத் திறந்து வைத்தது.

இப்படிப்பட்ட இடங்களில் விருந்தாளியிடம் என்னென்ன கேட்கிறார்கள் பாருங்கள். அடையாள அட்டை, முன்பணம், ஸ்கி பூட்ஸுக்குக் கால் அளவு, சறுக்கி விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒரு கையெழுத்து. பதிலுக்கு, "ராத்திரி தீப்பிடித்தால் எங்களை எழுப்ப உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று நாம் கேட்டால் வரவேற்பறையில் இருப்பவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

ஜூலையில் வழக்கு தொடங்கியது. அவ்வளவு குடும்பங்களுக்கும் நீதிமன்றத்தில் இடம் போதாது என்று போலுவில் ஒரு பள்ளியின் விளையாட்டு அரங்கில் நடத்தினார்கள். மகளையும் மகனையும் பள்ளி விடுமுறையில் பறிகொடுத்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்திலேயே உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றிய அந்த மூளையை என்ன சொல்ல! அக்டோபர் 31-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. முதலாளி, அவர் குடும்பத்தினர், மேலாளர்கள், துணை மேயர், தீயணைப்புத் துறையினர் என 11 பேருக்கு ஆயுள் தண்டனை. ஓட்டலுக்கு உரிமம் கொடுத்து, நேரில் போய்ச் சோதனையும் போட்ட அமைச்சகத்திலிருந்து அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட இல்லை.