முன்னங்கால் மாத்தப் போற பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி, வா. திண்ணையில உக்காரு. அந்தச் சாக்கை அங்கிட்டுக் கொடிக்கம்பத்துல சாத்தாத, உங்க அப்பத்தா சேலை காயுது. இப்படி இறக்கி வை. என்ன அதுக்குள்ள? மெட்ராஸ் புதுப்பேட்டையில வாங்கினதா? பிரி பார்ப்போம். அடேயப்பா! ட்யூக் 390 ஃபோர்க்கு. குண்டுக் குழாய் மேல, ஒல்லிக் குழாய் கீழ, சிரசாசனம் போட்டு நிக்குது. இதை மாட்டிக்கிட்டுத் தெருவுல போனா எதிர்வீட்டுக் கோழிகூட நின்னு பார்க்கும்.

செய்யி, தாராளமாச் செய்யி. நான் தடுக்கிற ஆளில்லை. எழுபது வயசுக்கு மேல எவனையும் தடுக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். வேடிக்கை பார்க்கிறதுல இருக்கிற சொகம் அதுல கிடையாது. நாப்பது வருஷம் போடியில பட்டறை வெச்சு கிரீஸ் தின்னவன்ங்கிற முறையில ஒரே ஒரு சந்தேகம். அதை மட்டும் தீர்த்துட்டுப் போ.

ஏலத்தோட்டத்து ஜீப் பாதையில இறங்குறப்ப உன் எக்ஸ்பல்ஸ் முன்னாடி 'டங்'குனு அடிக்குது, கை மரத்துப் போகுது. அதனாலதான மாத்துற? இப்ப அதுல இருக்கிற ஃபோர்க் எவ்வளவு அமுங்கும்? 190 மில்லிமீட்டர். நீ தூக்கிட்டு வந்தது? 150-ஐத் தாண்டாது. அது தார் ரோட்டுக்குன்னு பொறந்த சாதி. பள்ளத்துல அடிவாங்குதுன்னு சொல்லிட்டு, ரெண்டு விரக்கடை குறைச்சலா அமுங்குறதைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க. பசி அடங்கலைன்னு கடைக்குப் போனவன் சின்னத் தட்டா வாங்கிட்டு வந்த கதையா இருக்கே!

"குழாய் பருமன் தாத்தா, 37-க்குப் பதிலா 43"ங்கிறியா? அது நெசம்தான். பெருத்த குழாய் லேசுல வளையாது, பிரேக் புடிச்சா முறுக்காது. ஆனா பருமன் பள்ளத்தை ரொப்பாதுடா. உங்க பெரியப்பனும் பருமன்தான், கெணத்துல இறங்கச் சொல்லு பார்ப்போம்.

சரி, மாட்டுறன்னே வெச்சுக்குவோம். எதுல மாட்டுவ? ஃபோர்க்கைக் கவ்விப் புடிக்கிற டீ அளவே வேற. அந்த டீயோட நடுத்தண்டு உன் வண்டித் தலைக்குழாய்க்குள்ள உக்காரணும். நீளம் ஒத்துக்கணும், கோன் செட்டு ஒத்துக்கணும். ஒத்துக்கலைன்னா லேத்துப் பட்டறைக்குப் போயித் தண்டைப் பிதுக்கி எடுத்து, வேற கடைஞ்சு போடணும். போடு. அங்க எவன் கடையிறான், என்ன இரும்புல கடையிறான்னு மட்டும் கேட்டுக்க. மலையிறக்கத்துல உன் உசுரு தொங்குறது அந்த ஒரு தண்டுல.

அடுத்தாப்ல சக்கரம். உன்னது 21 இஞ்சு, கம்பி ரிம்மு. ட்யூக்கோட சக்கரம் 17 இஞ்சு வார்ப்பு. அதையே மாட்டினா மலையேறுற வண்டி மளிகைக்கடைக்குப் போற வண்டி ஆயிரும். உன் சக்கரத்தையே வெச்சுக்கிட்டா அச்சு பருமனுக்குப் புஷ் கடையணும், சக்கரம் நட்டநடுவுல நிக்கணும். டிஸ்க்கு காலிப்பர் வாய்க்குள்ள நேரா ஓடணும், ஒரு மயிரிழை ஒரசினாலும் சூடேறும். ட்யூக் ஃபோர்க்குல காலிப்பரை மாட்டுற காதும் வேற மாதிரி, அதுக்கு ஒரு பட்டை வெட்டணும். அப்புறம் ஏபிஎஸ் சென்சாரு. அது பல்லுச் சக்கரத்துக்குப் பக்கத்துல சரியான இடைவெளியில நிக்கலைன்னா மீட்டர்ல மஞ்ச விளக்கு கார்த்திகை தீபமா எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

இதெல்லாம் முடிஞ்சுதுன்னு ஹேண்டில்பாரை முழுசா ஒடிப்ப. ஃபோர்க்கு டாங்கியில போயி இடிக்கும். அதுக்கு ஒரு முட்டு வெல்டிங் வைப்ப. மறக்காம இன்னொண்ணு: ஸ்பிரிங்கை வெளிய எடுத்துட்டு வண்டியைக் கடைசி வரைக்கும் அமுக்கிப் பாரு. 21 இஞ்சு டயரு கீழ் டீயிலயோ மட்கார்டுலயோ முட்டுதான்னு அப்பத் தெரியும். பட்டறையில முட்டினா சத்தம் வரும். மலையில முட்டினா சத்தம் உன்கிட்ட இருந்து வரும்.

இம்புட்டும் கைவேலை, காசு இருந்தா முடிஞ்சுரும். காசுக்கு அடங்காத சோலி ஒண்ணு இருக்கு. பழசையும் புதுசையும் பக்கத்துல நிறுத்து. எது குட்டை? இதானே? ஏர் உழுதிருந்தா உனக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நுகத்தடிக் கயிறை ஏர்க்கால்ல ரெண்டு விரக்கடை தள்ளிக் கட்டிப் பாரு, கொழு பூமியில இறங்குற ஆழமே மாறிப்போகும். வண்டியும் அப்படித்தான். உன் வண்டிக்கு ரெண்டு அச்சுக்கும் நடுவுல 1,410 மில்லி. முன்பக்கம் 25 மில்லி இறங்கினா தலைக்குழாய் சாய்வு கிட்டத்தட்ட 1 டிகிரி நிமிரும். அந்தச் சாய்வைக் கோடு போட்டுத் தரை வரைக்கும் நீட்டினா, டயரு மண்ணைத் தொடுற இடம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால விழும். அந்த இடைவெளிதான் சக்கரத்தை நேரா இழுத்துட்டு வருது. குழாய் நிமிர நிமிர அது சுருங்கும். டீ ஃபோர்க்கை எவ்வளவு முன்னாடி தள்ளிப் புடிக்குதுங்கிறதும் அதுல கை வைக்கும். கடைசியில சரளைக்கல்லுல வண்டி சாமி வந்த மாதிரித் தலையை ஆட்டும். நீ உடுக்கை அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

வண்டி செஞ்சவன் இதுக்கே ஒரு ராலி கிட்டுன்னு குடுத்தான் பாரு, அதுல முன்னாடி 250 மில்லி. முன்னாடி மட்டும் நீட்டிட்டு விட்டானா? பின்னாடியும் 170-ஐ 220 ஆக்கினான். முன்னங்காலை மட்டும் நீட்டினா அது குதிரை இல்லை, ஒட்டகச்சிவிங்கின்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த அளவுலயே ப்ரோன்னு ஒரு வண்டியும் வந்துச்சு. சீட்டு உசரம் 891 மில்லி. அதையே வாங்கிரலாமேன்னு சொல்லத்தான் வந்தேன், உன் காலைப் பார்த்ததும் வாயை மூடிக்கிட்டேன். நம்ம வம்சத்துக்கு வாழ்க்கையில எல்லாம் குடுத்த ஆண்டவன் முழங்காலுக்குக் கீழ கொஞ்சம் கஞ்சத்தனம் பண்ணிட்டான்.

இப்ப ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. டயர்ல காத்து எவ்வளவு? பங்க்குல அடிச்சுவிட்டது அப்படியே இருக்கா? கல்லு மாதிரி காத்தை ரொப்பிக்கிட்டுக் கல்லு மேல போனா ஃபோர்க்கு என்னடா பண்ணும், பாவம். தோட்டத்துக்குள்ள நுழையுறப்ப நாலஞ்சு பாயிண்ட் இறக்கிப் பாரு. ரொம்ப இறக்கிராத, டியூப்பு கடிபட்டுப் பஞ்சராயிரும்.

வண்டி வாங்கி நாலு வருஷம் ஆச்சே, ஃபோர்க் ஆயில் எப்ப மாத்தின? என்ன முழிக்கிற? "அதுல ஆயில் இருக்கா"ன்னு மட்டும் கேட்டுராத, நெஞ்சு தாங்காது. கழட்டிக் கவுத்தா மீன் கழுவின தண்ணி மாதிரி ஊத்தும், வாடையும் ஏறக்குறைய அதேதான். ஓடுற ஆயிலு நீர்த்துப் போனா ஸ்பிரிங்கு தன் இஷ்டத்துக்குக் குதிக்கும். புத்தகத்துல சொன்ன ஆயிலை வாங்கி, ஸ்பிரிங்கை எடுத்துட்டு, குழாயை முழுசா அமுக்கி வெச்சு, மேல்வாயில இருந்து ஆயில் எவ்வளவு கீழ நிக்குதுன்னு ஸ்கேல் விட்டு அள. ரெண்டு காலும் ஒரே அளவு நிக்கணும். ஆயிலுக்கு மேல அடைஞ்சு கிடக்கிற காத்தும் ஒரு ஸ்பிரிங்குதான். ஆயில் கொஞ்சம் ஏறினா காத்துக்கு இடம் குறையும், கடைசியில அடிக்கிற அந்த 'டங்'கு அடங்கும். காசு? நீ புதுப்பேட்டைக்குப் போயிட்டு வந்த பஸ் சார்ஜைவிடக் கம்மிதான்.

அப்புறம் ஃபோர்க்குல ஒரு கேபிள் டையைச் சுத்திவிட்டுட்டு, மூட்டை முடிச்சோட ஏறி உக்காரு. 190-ல 50, 60 மில்லிக்குள்ள இறங்கினா ஸ்பிரிங்கு உன் எடைக்குச் சரி. அதுக்கும் மேல இறங்கினா கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் போடு. இப்படிச் செஞ்சா உன் கூட்டாளிக படம் புடிக்க ஒண்ணுமே இருக்காது, அதுதான் ஒரு குறை.

போலீஸ்காரரை மறந்துட்டேன் பாரு. மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தாதங்குது. மாத்தினா ஒரு மாத்தத்துக்கு 5,000 ரூவா, ஆறு மாசம் வரைக்கும் உள்ளயும் போடலாம். டீ ஒண்ணு, ஃபோர்க்கு ஒண்ணு, அச்சு ஒண்ணுன்னு அவர் விரல் விட ஆரம்பிச்சா நீ கையெடுத்துக் கும்பிட ஆரம்பி.

என்ன, மொகம் தொங்கிப் போச்சு? அட, இவன் மாத்தவே கூடாதுங்கிறானேன்னு நினைக்காத. 1983-ல என் ராஜ்தூத்துக்கு யெஸ்டி ஃபோர்க்கு மாட்டினவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். புஷ்ஷெல்லாம் நானே கடைஞ்சேன். டீக்கடை மொத்தமும் எந்திரிச்சு வந்து பார்த்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே உங்க அப்பத்தாளைப் பின்னாடி ஏத்திக்கிட்டு, அவ மடியில ஒரு பலாப்பழத்தையும் வெச்சுக்கிட்டு சின்னமனூர்ல இருந்து கிளம்பினேன். வாய்க்கா மேட்டு வளைவுல வண்டி வலது பக்கம் திரும்ப மாட்டேன்னுருச்சு. பலாப்பழம்தான் முதல்ல வயல்ல இறங்குச்சு. அதுக்கப்புறம் அவ. நான் கடைசி.

அன்னையில இருந்து அந்த ஃபோர்க்கை அவ வீட்டை விட்டு வெளிய விடலை. ஒரு காலை அங்கிட்டு, ஒரு காலை இங்கிட்டுன்னு நட்டு நடுவுல கொடி கட்டிட்டா. நாப்பது வருஷமாத் துணி காயுது, இன்னும் ஒரு இம்மி வளையலை. நீ கொண்டுவந்ததையும் விட்டுட்டுப் போறதுன்னா மெதுவா வை. போர்வை காயப்போட இன்னொரு கொடி வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கா.