இரண்டு ஏரிகள்

பங்காரு வாய்க்காலில் தண்ணீர் நின்றால் எங்கள் பாகூர் ஏரி மெல்ல மெல்ல உள்வாங்கும். சித்திரை முடிவதற்குள் உள்வாய் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துவிடும். கரைமேல் நின்று பார்க்கிற அப்பாவுக்கு அது அடுத்த போகத்தின் கவலை. எங்களுக்கோ அது மைதானம்.

வேலிகாத்தானில் அடி வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி, முள் சீவி, நெருப்பில் வாட்டி இன்னும் கொஞ்சம் வளைத்தால் ஹாக்கி மட்டை ஆயிற்று. கந்தல் துணியை உருட்டி, சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி அதன்மேல் இறுக்கமாகச் சுற்றினால் பந்து. ஏரி வறண்டு கிடக்கும் அந்த மாதங்கள்தான் எங்கள் ஆட்டக்காலம். வடகிழக்குப் பருவமழை வந்து ஏரி பெருகினால், மட்டையெல்லாம் அடுப்பங்கரைப் பரண் ஏறும்.

1980 ஜூலை கடைசியில் மாஸ்கோவில் இந்தியா ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் வாங்கியது. டீக்கடை ரேடியோவில் செய்தி கேட்டோம். கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், சென்னைக்காரர், நம் பாஷை பேசுகிறவர் என்று தெரிந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. ஹாக்கி ஆடியே ஒருவன் வாழ்ந்துவிடலாம் என்று நான் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான். போலீசிலோ ரயில்வேயிலோ விளையாட்டுக்காக ஆள் எடுக்கிறார்கள் என்று வில்லியனூர்ப் பையன்கள் சொல்லுவார்கள். திருக்காமீசுவரர் தேருக்குப் போகும்போதெல்லாம் அவர்களோடு ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் திரும்புவோம்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். நாங்கள் உள்வாயில் ஆடுவதைக் கரைமேல் குந்திக்கொண்டு பார்ப்பார். ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "டேய், பிரான்சுல குளிர்காலத்துல குளம் கல்லா பூடும். அதுமேல கத்தி வச்ச ஜோடு மாட்டிகினு, இதே மாதிரி மட்டை புடிச்சு ஆடுவானுங்க."

"கால் வழுக்காதா தாத்தா?"

"வழுக்கறதுதான்டா ஆட்டமே."

நாங்கள் நம்பவில்லை. தாத்தா கதை விடுகிறார் என்றே நினைத்தோம். அவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பதினேழு வயதில் ஒரு தேர்வு முகாமுக்குப் போனேன். வெறுங்கால். வரிசையில் என் முறை வந்தபோது, காலைப் பார்த்தவர் பெயரைக்கூட எழுதிக்கொள்ளாமல், ஜோடு வாங்கிக்கொண்டு அடுத்த வருஷம் வா என்றார். அன்று பஸ்சில் கிருமாம்பாக்கம் தாண்டும்வரை நான் தலை நிமிரவில்லை. அடுத்த வருஷமும் ஜோடு வாங்க முடியவில்லை. 1986ல் ராணுவத்தில் டிரைவராகச் சேர்ந்தேன். வில்லியனூர் ஸ்டேஷனில் மீட்டர்கேஜ் ரயில் ஏறியபோது அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு போனவன், 1991 குளிர்காலத்தில் லடாக்கின் லே நகரில் நின்றேன்.

லேயின் குளிரை பாகூர்க்காரனுக்கு எப்படிச் சொல்ல? ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. காலையில் லாரி எஞ்சினுக்கு அடியில் சூடு காட்டாமல் வண்டி கிளம்பாது. அந்நாளில் சோஜி லா கணவாய் பனியில் மூடிவிட்டால் ஆகாயம் தவிர வேறு வழி இருக்கவில்லை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்சூ குளத்துப் பக்கம் போனேன். குளம் கல்லாகிக் கிடந்தது. அதன்மேல் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டையோடு பறந்துகொண்டிருந்தார்கள்.

சொல்தா தாத்தா சொன்னது அத்தனையும் உண்மை.

கிட்டே போய்ப் பார்த்தேன். சிலர் காலில் இருந்தது நான் போட்டிருந்த அதே பட்டாள பூட்ஸ். அடியில் இரும்புத் தகட்டைக் கத்தியாகத் தீட்டிப் பொருத்தியிருந்தார்கள். கோல்கீப்பர் காலில் கிரிக்கெட் கால்காப்பு. எனக்குத் தொண்டை அடைத்தது. ஜோடு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன் நான். இவர்கள் ஜோட்டைத் தாங்களே செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். பாகூரில் கொல்லரும் உண்டு, தோலும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஒரு லடாக்கிக்காரர் எனக்கு நண்பரானார். அவர்தான் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். பந்துக்குப் பதில் 'பக்' எனும் ரப்பர் வட்டு. ஓர் அங்குலக் கனம், மூன்று அங்குல அகலம். நம் ஹாக்கியில் பதினொரு பேர். இங்கே கோல்கீப்பரோடு ஆறே பேர். இருபது நிமிஷம் வீதம் மூன்று பகுதிகள். உயிரைக் கொடுத்து ஓட வேண்டியிருப்பதால் ஒருவரை முக்கால் நிமிஷம் போலத்தான் களத்தில் விடுவார்கள். உடனே வேறொருவர் உள்ளே குதிப்பார். குதிகாலை ஊன்றி நிற்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. விழுந்த இடமெல்லாம் கன்றிப்போகும். ஆனாலும் பாகூர் உள்வாயில் ஓடிய கால்களுக்கு அந்த வழுக்கலில் ஏதோ ஓர் உறவு தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டத்தைவிட, தளம் அமைக்கும் வேலை. நிலத்தைச் சமன்செய்து, சுற்றி வரப்புக் கட்டி, பொழுது சாய்ந்ததும் மெல்லிசாகத் தண்ணீர் விடுவார்கள். அது உறைந்ததும் அதன்மேல் இன்னொரு படலம். விடிய விடிய. பாத்தி கட்டி மடை திருப்புகிற வேலைதான் அது. மண்வெட்டியை நான் பிடித்த லாவகத்தைப் பார்த்து, "நீ விவசாயி வீட்டுப் பிள்ளையா?" என்று நண்பர் கேட்டார். கனடாவில் பிராண்ட்ஃபோர்ட் என்ற ஊரில் வால்டர் கிரெட்ஸ்கி என்ற தகப்பனார் வீட்டுக் கொல்லையில் இப்படித்தான் தண்ணீர் விட்டு உறையவைத்து மகனை ஆடவிட்டார். அந்த மகன் வெய்ன் கிரெட்ஸ்கி 1999ல் ஓய்வு பெறும்போது, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் 2,857 புள்ளிகள் சேர்த்திருந்தார். அந்த லீகில் 2025-26 பருவத்தின் மிகக் குறைந்த ஆண்டுச் சம்பளமே 7,75,000 டாலர்.

நம் நாட்டில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவருக்கு வாழ்க்கை என்பது வேறு. ராணுவத்தின் லடாக் ஸ்கவுட்ஸிலோ இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிலோ வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தில் ஆடலாம். கிடைக்காவிட்டால் கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு வண்டி ஓட்டிச் சேர்த்த காசில் குளிர்காலத்தில் ஆட வேண்டும். புல்தரை ஹாக்கியும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. தன்ராஜ் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். புனே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டைகளைக் கயிறு கட்டி ஒட்டி ஆடிப் பழகியவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை. 1998ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966க்குப் பிறகு முதல் தங்கம். ஆட்டக்காரர்களுக்கு உரிய பணம் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அடுத்த அணியில் அவர் இல்லை; ஓய்வு கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தச் செய்தியை நான் படித்த பேப்பர் நனைந்தது பனியால் அல்ல. 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் இந்திய அணியின் ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்ச ரூபாய்க்கு எடுத்தார்கள் என்று கேட்டபோது, முதலில் தன்ராஜ் முகம்தான் எனக்கு நினைவு வந்தது.

லேயில் நான் இருந்த காலத்தில் அந்த ஐஸ்மேல் பெண்கள் அணியாக ஆடி நான் பார்த்ததில்லை. நான் ஓய்வுபெற்று பாகூர் திரும்பி வெகுகாலம் கழித்து, 2016ல், இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி போட்டிக்காகத் தைபேக்குப் போனது. போகக் காசில்லாமல் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டுத்தான் போனார்கள். எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். அடுத்த வருஷம் பாங்காக்கில் பிலிப்பைன்சை 4-3 என வென்றார்கள். அதுவே முதல் வெற்றி. நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் 2018 ஜனவரியில் லேக்கே வந்து அந்தப் பெண்களோடு ஆடிப் பயிற்சி கொடுத்தார். 2025 ஜூனில் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். செய்தியைப் பேத்திக்குப் படித்துக் காட்டினேன்.

"இவங்க எத்தன மாசம் ஆடுவாங்க தாத்தா?"

"ஐஸ் இருக்கிற வரைக்கும். ரெண்டு மாசம்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன செய்வது என்பதுதான் நம் ஐஸ் ஹாக்கிக்காரர்களின் முழு வாழ்க்கை. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்கம் பல வருஷம் முடங்கிக் கிடந்தது. 2025ல்தான் மறுபடி உயிர்பெற்றது. லேயில் இப்போது செயற்கையாக உறையவைக்கும் தளம் ஒன்று வந்திருக்கிறது. கேலோ இந்தியா ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. நல்ல ஸ்கேட், தலைக்கவசம், கோல்கீப்பருக்குச் சரியான கால்காப்பு. பூட்ஸில் தகடு பொருத்த வேண்டிய அவசியம் இல்லை. இதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆனந்தம். ஆனால் கிராமத்துப் பிள்ளை முதல்முறை மட்டை பிடிப்பது இன்றும் ஊர்க் குளத்தில்தான், அந்தக் குளமோ முன்னைப்போல உறைவதில்லை.

நண்பரும் ஓய்வுபெற்றுவிட்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டது. அவர் ஊரில் பெண் பிள்ளைகளுக்குத் தளம் அமைத்துக் கொடுக்கிறார். போன மார்கழியில் போன் செய்தேன். இங்கே பாகூர் ஏரி கரை தளும்ப நின்றது. நாங்கள் ஆடிய இடமெல்லாம் ஆள் உயரத் தண்ணீர், நடுவில் நாரைகள். மதகுப் பக்கம் நின்று அதை வீடியோவில் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"உங்க தண்ணி ரொம்ப நல்லா இருக்கு. எங்களது இன்னும் இறுகல. பிள்ளைங்க தினமும் வந்து கரையில நின்னு பாத்துட்டுப் போகுது."

"எத்தன அங்குலம்?"

"ரெண்டு. நாலாவது இருந்தாத்தான் இறங்க விடுவேன்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அவர் பின்னால் யாரோ மண்வெட்டியைக் கல்லில் தட்டும் சத்தம் கேட்டது.

"இரு, வைக்கிறேன்," என்றார். "ராத்திரி குளிர் ஏறும்னு சொல்றாங்க. இன்னொரு படலம் தண்ணி விடணும்."