கேட்டது பேர், எழுதியது மலை

நீலகிரியைக் 'கண்டுபிடித்தவர்கள்' பட்டியல் கொஞ்சம் நீளம். 1603-ல் கோழிக்கோட்டிலிருந்து ஃபெனிசியோ என்ற பாதிரியார் ஏறி வந்தார். மலைமேல் காணாமல்போன கிறிஸ்தவர்கள் இருப்பதாகப் பேச்சு. இருந்தவர்களோ தோடர்கள். அவர்கள் காணாமலும் போகவில்லை, கிறிஸ்தவர்களும் இல்லை. தங்கள் பாட்டுக்கு எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு முகம்பார்க்கும் கண்ணாடி கொடுத்துவிட்டுப் பாதிரியார் இறங்கிவிட்டார்.

1812-ல் கோயமுத்தூர் கலெக்டர், கீஸ் என்ற சர்வேயரை அனுப்பினார். அவரும் ஏறினார், பார்த்தார், அறிக்கை எழுதினார். அது எந்தக் கட்டுக்குள் தூங்கியதோ, 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு உதவி கலெக்டர்கள் ஏறி, அதே மலையை மறுபடியும் முதல் தடவையாகக் கண்டுபிடித்தார்கள்! அவர்கள் புறப்பட்ட தணாயக்கன்கோட்டை இன்று பவானிசாகர் அணைக்குள் கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் பழைய கோயில் மட்டும் தலைகாட்டும். அடுத்த வருஷமே கலெக்டர் சல்லிவன் ஏறினார்; குளிர் பிடித்துப்போயிற்று. அப்புறம் சும்மா விடுவாரா?

1821-ல் கேப்டன் வார்டு அளக்க வந்தார். திருவிதாங்கூரையே அளந்த கை. ஆனால் சர்வே சங்கிலிக்கு மலை ஒத்துவராது. 66 அடி, 100 கண்ணி. சமவெளியில் தரையோடு இழுத்தால் போதும். சரிவில் அப்படி இழுத்தால் கணக்கு தப்பும். மட்டமாகப் பிடிக்க வேண்டும். மேலே நிற்பவர் குனிந்து தரையில் அழுத்த, கீழே நிற்பவர் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். கை நடுங்கும். அந்த நேரம் பார்த்து மஞ்சு இறங்கும். கொடியும் தெரியாது, கொடி பிடித்த ஆளும் தெரியமாட்டார். கை கடுத்தவர் பேர் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

மலைகளுக்குப் பேர் கிடைத்த கதை அதைவிட வேடிக்கை. உச்சியைக் காட்டித் துரை கேட்டிருப்பார், "அது என்ன?" பக்கத்தில் நின்ற படகர், "தொட்ட பெட்டா." பெரிய மலை என்றுதான் சொன்னார். 2,637 மீட்டர் உயரத்துக்கு அதுவே பேராக நின்றுவிட்டது. கேட்காமலே வைத்த பேர்களும் உண்டு. வேல்ஸ் நாட்டு ஸ்னோடன் மலை ஊட்டிக்குக் குடிவந்தது இப்படித்தான். கடமானைப் பார்த்து எல்க் என்று துரைமார் சொன்னதில் இன்னொரு குன்று எல்க் ஹில் ஆயிற்று. எல்க் இருப்பதோ எங்கோ வடக்கே குளிர்நாடுகளில்.

அந்தக் குன்றில் இப்போது முருகன் இருக்கிறார். மயிலும் வந்துவிட்டது. எல்க்தான் இன்னும் வந்து சேரவில்லை.