மட்டன் யார் சாப்பிட்டது?

என் மனைவி யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறாள். நான் அதில் ஒளிப்பதிவாளர், வெங்காயம் உரிப்பவர், கடைசியில் ஒரு வாய் தின்று தலையாட்டுபவர். சம்பளம் கிடையாது. அவளுடைய வருமானம் என் பென்ஷனைத் தாண்டிய அன்றே, “ஆடிட்டரைப் பார்த்துடணுங்க” என்றாள்.

2025 ஆகஸ்டில் ஒரு கட்டைப்பை நிறைய ரசீதோடு போனோம். ஆடிட்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் ரிட்டர்ன்ல உங்க தொழிலுக்குன்னே தனி எண் வந்திருக்கு மேடம். 16021, சோஷியல் மீடியா இன்ஃப்ளூயன்சர்” என்றார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ‘வேலைவெட்டி இல்லாம போனை நோண்டுறா’ என்று என் அக்கா சொன்னதற்கு மத்திய அரசே பதில் எழுதிவிட்டதாம்.

பையைக் கவிழ்த்தோம். முதலில் விழுந்தவை கறிக்கடைத் துண்டுச்சீட்டுகள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று.

“இது எதுக்கு?”

“வீடியோவுக்கு சார். சுக்கா, கோலா, நல்லி...”

“சமைச்சப்புறம்?”

“சமைச்சப்புறம் என்ன சார்?”

“யார் சாப்பிட்டது?”

முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். பெஞ்சு மேல் ஏறி நிற்கிறவனின் மனநிலை அன்றுதான் புரிந்தது. “நாங்கதான்” என்றேன்.

“தொழிலுக்குன்னு மட்டுமே செஞ்ச செலவைத்தான் கழிக்க முடியும். வயித்துக்குப் போனது சொந்தச் செலவு” என்று சீட்டுகளை என் பக்கம் தள்ளினார். பட்டுப்புடவை ரசீதும் பின்னாலேயே வந்தது. “கல்யாணம் காட்சிக்கும் இதைத்தானே கட்டுவீங்க?”

கேமராவை ஒத்துக்கொண்டார். ஆனால் அறுபதாயிரத்தையும் அப்படியே கழிக்க முடியாதாம். தேய்மானம் வருஷத்துக்கு 15%தான். டிசம்பரில் வாங்கியதால் 180 நாள் ஆகவில்லை, அதிலும் பாதி: 4,500 ரூபாய். அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் நின்ற என் முட்டித் தேய்மானத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

அடுத்தது ஓவன் விவகாரம். ஒரு கம்பெனி 30,000 ரூபாய் ஓவனை இனாமாகத் தருவதாகவும், முதலில் 3,000 ரூபாய் வரி கட்டிச் சலானை அனுப்பும்படியும் போன் செய்தது. இனாமுக்குக் காசு கேட்பவன் திருடன்தான் என்று, நாலு வார்த்தை திட்டி வைத்துவிட்டேன். “சட்டமே அதான் சார்” என்றார் ஆடிட்டர். “2022 ஜூலையிலேர்ந்து, ஒருத்தர்கிட்டேர்ந்து வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல பொருளா வந்தா 10% வரி. வீடியோ எடுத்துட்டுத் திருப்பி அனுப்பினா கிடையாது.” மனைவி திரும்பவும் என்னைப் பார்த்தாள். இது வேறு பார்வை.

அமெரிக்காவும் எங்கள் ரசத்தில் கரண்டி விடுகிறது. நியூஜெர்சியிலிருந்து மச்சினி வீடியோ பார்த்தால், அதில் வரும் காசில் 15% அங்கேயே பிடித்தம். படிவம் 67 போட்டு அதை இங்கே வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார். ‘நம்ம சேனலை ரொம்பப் பார்க்காதே’ என்று அவளுக்கு ஐ.எஸ்.டி. போட்ட செலவுக்குத்தான் படிவம் இல்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது மனைவி திரும்பினாள். “சார், சமைச்சதை நாங்க தொடாம அக்கம்பக்கம் குடுத்துட்டா, அது தொழில் செலவுதானே?”

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யோசிக்கணும் மேடம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க வீடு உங்களுக்கு அடுத்த தெருதான்.”