ஒரே பெட்டியில் நாலு ஓஎஸ்: குடும்பஸ்தர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய கோர் 2 டுவோ சிஸ்டம் ஒன்று வீட்டு மூலையில் கிடந்தால், எடைக்குப் போட்டுவிடலாம் என்பது வீட்டார் கட்சி. அதில் எக்ஸ்பி, விண்டோஸ் 7, விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் நாலையும் ஏற்றி, வேண்டும்போது வேண்டியதைத் திறந்துகொள்ளலாம் என்பது நம் கட்சி. கீழே வரும் யோசனைகள் நம் கட்சிக்காரர்களுக்கு மட்டும்.

ஓஎஸ் சிடியைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். "எதுக்கு நாலு?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். "சும்மாதான்" என்பது உண்மை; ஆனால் வீட்டில் செல்லுபடியாகாது. 2004, 2005 வாக்கில் வாங்கிய ஸ்கேனர் நல்ல காரணம். அந்தக் காலத்து ஸ்கேனர்கள் பலவற்றுக்கு எக்ஸ்பியோடு டிரைவர் நின்றுவிட்டது. பேரலல் போர்ட்டில் செருகும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இன்னும் நல்லது. ஒரு பக்கம் அடித்துக் காட்டினால் போதும், அதன் சத்தத்தில் எதிர்க்கேள்வி எழாது.

தலையாய காரணம் பேஜ்மேக்கர். டிடிபி சென்டர் வைத்திருந்தவர்களுக்கு இது புரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் என்ற குறியாக்கங்கள் வந்தன. அவை வருவதற்கு முன்பே ஆளுக்கொரு குறியாக்கம் புழக்கத்தில் இருந்தது. வந்த பிறகும் இருந்தது. அந்தக் குறியாக்க எழுத்துருக்களைக் கொண்டு பேஜ்மேக்கரில் அடித்த திருமணப் பத்திரிகையை, எழுத்துரு இல்லாத இன்றைய கணினியில் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். "பழைய தமிழ் ஃபைல்களைக் காப்பாத்தணும்னா எக்ஸ்பி வேணும்" என்று சொல்லுங்கள். மொழிப்பற்று என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். உங்களிடம் ஒரு பேஜ்மேக்கர் ஃபைல்கூட இல்லை என்பதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது பெட்டியின் உடல்நிலை. சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, தூசியை ஊதி, ரேமைப் பிடுங்கி, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுங்கள். இதை எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்கமாட்டார்கள், ஆனால் ஊரில் எல்லா சர்வீஸ் பையன்களும் செய்வது இதைத்தான். பீப் சத்தம் நிற்பதும் இதனால்தான். ஜி31 போர்டு என்றால் 4 ஜிபிக்கு மேல் ரேம் ஏறாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் "டிடிஆர்2 ரேம் 4 ஜிபி ஒரே ஸ்டிக்கா இருக்காண்ணே?" என்று கேட்டால், நல்ல கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "ஏஎம்டி போர்டா சார், இன்டெல்லா?" மலிவாகக் கிடைக்கும் அந்த 4 ஜிபி ஸ்டிக்குகள் பெரும்பாலும் ஏஎம்டி போர்டில் மட்டும்தான் வேலை செய்யும். கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறவரிடம் வாங்காதீர்கள். வாங்கிப் போட்ட 4 ஜிபியிலும் 32 பிட் எக்ஸ்பியின் கண்ணுக்குத் தெரிவது மூன்றேகால் ஜிபி அளவுதான். மீதி எங்கே என்று எக்ஸ்பியிடம் கேட்டுப் பயனில்லை.

இனி ஹார்ட் டிஸ்க். இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. பழைய பயாஸ் போர்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்துத்தான் எழுகிறது. எம்பிஆர் என்று பெயர். அதில் 446 பைட் எழுப்பிவிடும் நிரலுக்கு. 64 பைட் பார்ட்டிஷன் கணக்குக்கு. கடைசி இரண்டு பைட் முத்திரை. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம், நாலு பிரைமரி பார்ட்டிஷனோடு இடம் தீர்ந்துவிடும். நாலு ஓஎஸ், நாலு இடம், கணக்கு அழகாகப் பொருந்துகிறதே என்று மகிழாதீர்கள். இது ஒரே கிணறும் ஒரே கொல்லையுமாக இருக்கும் ஒண்டுக்குடித்தனம். வருகிறவர்கள் சாமான் வைக்க ஆளுக்கொரு அறை கேட்பார்கள். காலி டிஸ்க்கில் விண்டோஸ் 7 தன் பாட்டுக்கு 100 எம்பியில் ஒரு ரிசர்வ்டு பார்ட்டிஷன் போட்டுக்கொள்ளும். விண்டோஸ் 10 அதைவிடப் பெரிதாக ஒன்று கேட்கும். லினக்ஸுக்கு ஸ்வாப் வேண்டும். ஆகவே பார்ட்டிஷன்களை முன்கூட்டியே நீங்களே பிரித்து வையுங்கள். தயாராக இருப்பதில் ஏறச் சொன்னால் தனி அறை கேட்காமல் ஏறிக்கொள்வார்கள். கடைசி பிரைமரியை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லினக்ஸைப் போடலாம். லினக்ஸ் கோபித்துக்கொள்ளாது.

போடும் வரிசை: மூத்தது முதலில். எக்ஸ்பி, பிறகு 7, பிறகு 10, கடைசியில் மின்ட். இதை மாற்றக் கூடாது. எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில். தனக்குப் பின்னால் உலகத்தில் யாராவது பிறப்பார்கள் என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. என்டிஎல்டிஆர், பூட்.ஐஎன்ஐ என்ற தன் இரண்டு ஃபைல்களைத்தான் அதற்குத் தெரியும். 7 இருக்கும் டிஸ்க்கில் பின்னால் எக்ஸ்பி போட்டால், 7 அழிவதில்லை. இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் போய்விடுகிறது.

எக்ஸ்பி போட சிடி வேண்டும். பென்டிரைவிலிருந்து ஏற்ற வித்தைகள் உண்டு, ஆனால் அந்தப் பாதையில் போனவர்கள் திரும்பி வந்து பேசுவது ஆவேசமாக இருக்கும். டிவிடி டிரைவின் தட்டு திறக்காவிட்டால் ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, முகப்பில் இருக்கும் ஊசித் துவாரத்தில் நேராகக் குத்துங்கள். அதற்காகவே விட்ட துவாரம் அது. நீல எழுத்துத் திரை முடிந்ததும் இன்னும் 39 நிமிடம் என்று எக்ஸ்பி சொல்லும். நம்பிக் குளிக்கப் போகக் கூடாது. பாதியில் மொழி என்ன, நேர மண்டலம் என்ன என்று கேட்டு நின்றுவிடும். திரும்பி வரும்போதும் அதே நிமிடத்தில் காத்திருக்கும். தமிழ் யூனிகோடு சரியாகத் தெரிய வேண்டுமானால், மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கும் என்று ஒரு கட்டம் இருக்கும். தாய்லாந்து மொழியும் இதில் அடக்கம் என்று அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். தமிழ் என்று ஒரு சொல் இருக்காது. தாய்லாந்தைக் கும்பிட்டு டிக் போடுங்கள்.

போர்டில் சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐ என்று இருந்தால் எக்ஸ்பி 0x7பி என்ற நீலத்திரையைக் காட்டி உட்கார்ந்துவிடும். பயாஸில் ஐடிஇ என்று மாற்றிவிட்டுப் போடுங்கள். ஜி31 வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அதில் அந்த வசதியே கிடையாது.

நாலும் ஏறிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இனிதான் எக்ஸ்பியைத் திறக்கும் சடங்கு. சிஸ்டத்தைப் போட்டதும் மின்ட் கொண்டுவந்த கிரப் மெனு வரும். அதில் விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள். உடனே நீலநிறத்தில் இன்னொரு மெனு வரும். அது விண்டோஸ் 10 போட்ட மெனு. அதில் 10 இருக்கும், 7 இருக்கும். எக்ஸ்பி என்று எதுவும் இருக்காது. "விண்டோஸின் முந்தைய பதிப்பு" என்று ஊர் பேர் இல்லாத ஒருவர் இருப்பார். அவர்தான். அவரைத் தேர்ந்தெடுத்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகும். காரணம், அந்த அழகான மெனுவைக் காட்டுவதற்கே விண்டோஸ் 10 பாதி எழுந்துவிட்டிருக்கும். வேறொருவருக்கு வழிவிட வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். மறுபடி கிரப். மறுபடி விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள். இந்த முறை நேரே எக்ஸ்பிக்குப் போகும். நடுவில் காபி எடுக்க எழுந்தீர்களானால், கிரப் சில வினாடி பார்த்துவிட்டுத் தானாக மின்ட்டைத் திறந்துவிடும். அதை மூடிவிட்டுச் சாயங்காலம் வேறு வேலைக்காக விண்டோஸைத் தொட்டால், காலையில் கேட்ட எக்ஸ்பி அப்போது வந்து நிற்கும். விண்டோஸ் 10க்குள் பிசிடிஎடிட் கட்டளையில் பூட்மெனுபாலிசியை லெகசி என்று மாற்றினால் பழைய கறுப்பு மெனு வந்து, ஒரு ரீஸ்டார்ட் மிச்சமாகும். மிச்சமான நேரத்தை என்ன செய்வது என்பது உங்கள் பாடு.

கிரப்பில் விண்டோஸே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். டிஸ்க்கில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஓஎஸ்-புரோபர் என்று ஒரு நிரல் உண்டு. 2021இல் வந்த கிரப் 2.06 முதல் அதைப் பாதுகாப்பு காரணத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சில லினக்ஸ்களில் நாம் போய் இயக்கிவிட வேண்டும்.

இந்த வித்தையின் ரகசியம் ஒன்று உண்டு. நாலில் எதற்கும் மற்ற மூன்று இருப்பது தெரியக் கூடாது. தெரிந்தால் கை வைக்கும். எக்ஸ்பியின் கண்ணில் விண்டோஸ் 7 இருக்கும் டிரைவ் பட்டால், அங்கே சேர்த்து வைத்த ரெஸ்டோர் பாயின்டுகளை எல்லாம் சுத்தமாகத் துடைத்துவிடும். கெட்ட எண்ணம் இல்லை. தனக்குப் புரியாத ஃபைல்கள், குப்பை என்று நினைத்துவிடுகிறது. எக்ஸ்பியின் ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவை ஆஃப்லைன் என்று எழுதி மறைத்து வையுங்கள். விண்டோஸ் 10 வேறு ரகம். ஷட்டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் பாதி தூக்கத்தில்தான் போகும். மின்ட் போய் அந்த டிரைவைத் திறந்தால், "ஆள் உள்ளே இருக்கிறார், பார்க்கலாம், எழுத முடியாது" என்ற தினுசில் மறுத்துவிடும். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இந்தப் பெட்டியில் எதுவும் ஃபாஸ்டாக ஸ்டார்ட் ஆகப் போவதில்லை என்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

கடிகாரச் சண்டையையும் சொல்லிவிட வேண்டும். போர்டில் சிஆர்2032 பட்டன் பேட்டரியின் தயவில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்பது விண்டோஸின் நம்பிக்கை. உலகப் பொது நேரம் என்பது லினக்ஸின் நம்பிக்கை. மின்ட் இணையத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்தி எழுதிவிட்டுப் போனால், காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறக்கிறவருக்கு விடிகாலை நாலரை என்று காட்டும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் இந்தச் சண்டையே தெரியாது. நமக்கு ஐந்தரை மணி நேரம். மின்ட்டில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் அதையும் உள்ளூர் நேரத்துக்கு இறக்கிவிடலாம். அல்லது, அலுவலகத்துக்கு ஏன் தாமதம் என்று கேட்டால் காட்டுவதற்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினம். ஒவ்வொரு விண்டோஸும் தன்னைத்தான் சி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். ஒன்றுக்கு டி ஆக இருப்பது இன்னொன்றுக்கு இ. வீட்டில் பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏங்க, ஆதார் ஸ்கேன் பண்ணி வெச்சீங்களே, எங்க இருக்கு?"

"எந்த விண்டோஸ்ல வெச்சேன்?"

"கம்ப்யூட்டர்லதாங்க வெச்சீங்க."

டிரைவ்களுக்குப் பெயர் வையுங்கள். பொதுவாக ஒரு டேட்டா பார்ட்டிஷன் என்டிஎஃப்எஸ்ஸில் போட்டால் நாலும் படிக்கும். அந்த ஆதார் ஃபைல் மட்டும் அதில் இருக்காது.

இந்தக் கட்டத்தில் அக்கா மகன் யாராவது வருவான். "எதுக்கு மாமா இவ்ளோ கஷ்டம், விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு எக்ஸ்பியை அதுக்குள்ள ஓட்டலாமே?" என்பான். சொல்வது சரிதான். பேஜ்மேக்கரைத் திறக்க அது தாராளமாகப் போதும், ரீஸ்டார்ட்டும் தேவையில்லை. ஆனால் ரீஸ்டார்ட் வேண்டாம் என்று யார் சொன்னது? அவனை முடிக்க விடாதீர்கள். "இந்த பிராசசர்ல விடி-எக்ஸ் கிடையாதுப்பா" என்று சொல்லிவிடுங்கள். பென்டியம் டூயல் கோர் இ5200 போன்றவற்றில் உண்மையிலேயே கிடையாது. உங்களுடையதில் இருந்தால் பயாஸில் அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். பொய் சொன்ன பாவம் வேண்டாம்.

இன்டர்நெட் விஷயம் சுருக்கமாக. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் நின்றது, 7க்கு 2020 ஜனவரி 14இல், 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல். எக்ஸ்பியில் குரோம் 49க்கு மேல் ஏறாது, 7இல் 109க்கு மேல் ஏறாது. பேங்க் வேலை எதுவானாலும் மின்ட்டில் செய்யுங்கள். இந்த வரியில் கிண்டல் எதுவும் இல்லை. ஐந்தாவதாக 11ஐயும் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: டிபிஎம்மை ஏமாற்றலாம், செக்யூர் பூட்டை ஏமாற்றலாம், ஆனால் 24எச்2 முதல் பாப்கவுன்ட் என்ற கட்டளை பிராசசரிலேயே இருக்க வேண்டும். கோர் 2 டுவோவில் இல்லை. ரப்பரால் தேய்த்தாலும் வராது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கொஞ்ச நாளில் டிஸ்க்கில் இடம் போதாமல், "எக்ஸ்பியை யார் தொடுகிறார்கள், அதை அழித்துவிட்டால் இடம் கிடைக்குமே" என்று தோன்றும். செய்யாதீர்கள். எக்ஸ்பியை முதலில் போட்டதால் அதன் பார்ட்டிஷன்தான் ஆக்டிவ். பின்னால் வந்த 7, 10 இரண்டும் தங்கள் பூட் ஃபைல்களை எக்ஸ்பியின் சி டிரைவில்தான் வைத்திருக்கின்றன. அதை ஃபார்மட் அடித்தால், பூட்எம்ஜிஆரைக் காணவில்லை என்ற ஒற்றை வரியோடு இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டு, வேறு பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கி, ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டினால் 7ஐயாவது மீட்கலாம். அந்த டிவிடி இப்போது எங்கே என்று தெரியாது. அதன் ஐஎஸ்ஓ ஃபைல் பத்திரமாக விண்டோஸ் 7இன் டெஸ்க்டாப்பில் இருக்கிறது. மின்ட்டைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். மின்ட்டுக்கு என்ன பாஸ்வேர்டு வைத்தீர்கள் என்று ஞாபகம் இருந்தால்.